எறிந்தவன் ஒருவன், எறியச் செய்தவர் எவர்?

தாம்பரத்தினின்று தெற்கே செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், வண்டலூரைக் கடந்தவுடன் எதிர்ப்படும் ஊர் ஊரப்பாக்கம். ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்த அவ்வூர், சென்னை மாநகர் தெற்கே நகர்ந்து நகர்ந்து வந்ததால் அடுக்குமாடிகளும் மனைப்பிரிவுகளும் மிடைந்த பேரூராகப் பருத்துவிட்டது. அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் 2023 திசம்பர் 30-ஆம் நாள் பெரும் பேருந்து நிலையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்டங்களுக்குப் போவோரும் வருவோருமாக மக்கள் வெள்ளம் அவ்வழியே பாய்கின்றது. ஊர் பருத்த விரைவுக்கு ஈடாக ஊரைத் துப்புரவாக வைக்கும் ஏற்பாடு வளரவில்லை. சாலையோரத்துப் புதரிலும், தொடர்வண்டித் தடத்தை ஒட்டிய ஒற்றையடி வழியிலும், ஏரிக்கரையிலும், இன்னும் வீடெழும்பாத மனைகளிலும் வெயிலில் மின்னிக் கிடப்பவை மதுப்புட்டிகள். முழுதாய்க் கிடப்பவை சில; நொறுங்கிச் சில்லுகளாய்க் கிடப்பவை பல.

இஃது ஊரப்பாக்கம் என்னும் ஓரூரின் இழிவன்று. கூடுவாஞ்சேரி, மண்ணிவாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் எனப் புறநகரின் எப்பக்கம் திரும்பினும் இதே காட்சிதான். குமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை தமிழ்நாட்டின் சாலையோரம் எதுவும் இதற்கு விலக்கன்று. ஆற்றுமணலில் புட்டி, மலைச்சரிவில் புட்டி, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் அடியில் புட்டி, நெல் நடவுக்கு இறங்கும் பெண்ணின் காலடியில் புட்டிச்சில்லு. அறுவடைக்குப்பின் மாடு மேய்க்கப் போகின்ற சிறுவன் செருப்பின்றி வயலில் இறங்க அஞ்சும் நிலை வந்துவிட்டது.

இதற்குக் குற்றவாளி எவர்? இவ்வினாவுக்கு எவரைக் கேட்பினும் நொடியில் விடை வரும்: “குடிகாரன்தான்!” குடித்தவன் எறிந்தான், எறிந்தவனே குற்றவாளி. கேட்பதற்கு எளிய விடை. ஆட்சியாளர்க்கும் ஆலை முதலாளிகட்கும் மிக இனிய விடை. அதனாலேயே அதனை ஒருமுறைக்கு இருமுறை உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

குடித்தவனுக்குக் குற்றமே இல்லை என்று எவரும் சொல்லார். தன் வாய்க்கு இனித்ததைப் பருகிவிட்டுப் பிறன் காலுக்கு முள்ளாய் எறிகின்றவன் செய்வது கயமையே. கண்ணாடி மட்குவதில்லை, நூறாண்டு மண்ணில் கிடப்பினும் அதன் கூர் மழுங்குவதில்லை. மழைநீர் தேங்கிய அரைப்புட்டி கொசுவுக்குத் தொட்டில் ஆகின்றது. ஓடையில் விழுந்த புட்டி ஞெகிழிப் பைகளோடு பின்னிக் கொண்டு நீர்வழியை அடைக்கின்றது. ஊரப்பாக்கத்தை அடுத்த ஆதனூர் ஏரிப் பகுதியில்தான் அடையாற்றின் தலைநீர் தொடங்குகின்றது. 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் எப்படி மூழ்கின என்பதை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. வெள்ளத்திற்குப் புட்டி ஒன்றே கரணியம் அன்று. நீர்நிலைகளை வளைத்துக் கொண்ட வன்பறிப்பே தலையாய கரணியம். ஆயினும் எஞ்சியிருக்கும் வாய்க்காலையும் குப்பையால் தூர்ப்பது, ஏற்கெனவே நெரிபட்ட குரல்வளையை மேலும் நெரிப்பதாகும். எனவே எறிந்தவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. அவன் ஒருவன் மட்டுந்தானா என்பதே வினா.

குடித்தவன் அந்தப் புட்டியை எங்கே வாங்கினான்? கள்ளக்கடையில் மறைவாக வாங்கினானா? இல்லை. அரசே நடத்தும் கடையில், அரசுப் பணியாளர் கையால், அரசுக்கு வரி செலுத்தி வாங்கினான். தமிழ்நாட்டில் மதுவை விற்கும் சில்லறை வணிகர் ஒருவரே, அவர் அரசு. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை இளைஞர் அறிந்திருத்தல் நன்று. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கப்பெற்றது. பின்னர் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. 1971-இல் விலக்குத் தளர்த்தப்பட்டுக் கடைகள் திறக்கப்பட்டன, 1974-இல் மூடப்பட்டன, 1981-இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-இல் மொத்த விற்பனைக்கெனத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டு இறுதியில் சில்லறை விற்பனையும் அக்கழகத்தின் கைக்கே வந்தது. இடையில் ஆண்ட கட்சிகள் மாறின. கொடிகளின் நிறம் மாறியது. கடையின் பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை.

அக்கழகத்தின் பெயரைக் கூட மக்கள் தமிழில் சொல்வதில்லை. ஆங்கில எழுத்துகளைத் திரட்டிப் பிடித்த ‘டாசுமாக்கு’ என்பதே நாட்டுப்புறத்துக் கிழவி வாயிலும் வழங்குகின்றது. புட்டியின் மேலொட்டிய தாளில் பகட்டான பெயரெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். “கேடு” என்னும் எச்சரிக்கை மட்டும் தமிழில் இருக்கும். தமிழ் எங்கே இடம்பெற்றிருக்கின்றது என்பதைப் பார்த்தாலே இவ்வணிகத்தின் உள்ளம் விளங்கும்.

2023 சூன் 22-ஆம் நாள் 500 கடைகள் மூடப்பட்டன. அதன்பின் எஞ்சியவை 4,829. அவற்றின் வழியே 2023-24-ஆம் ஆண்டில் அரசுக்கு வந்த வரி வருவாய் 45,855 கோடி உரூபாவிற்கும் மேல். அத்தனை கோடியும் கண்ணாடிப் புட்டிகளில் நிரம்பி மக்களிடம் போய்ச் சேர்ந்த நீர்மத்தின் விலையிலிருந்து வந்தவை. பணம் கருவூலத்திற்குத் திரும்பி வந்துவிட்டது. புட்டி எங்கே? அது திரும்பி வரவேண்டும் என்று எவரும் நெடுங்காலம் எண்ணவே இல்லை. ஒரு பொருளை விற்பவன் அதன் விலையை மட்டும் தன்னதாக்கிக் கொண்டு, அதன் எச்சத்தை ஊரார் தலையில் கட்டுவானாயின், அவன் பாதி வணிகத்தைத்தான் செய்கின்றான். மறுபாதியை ஊரார் கூலியின்றிச் செய்கின்றனர்.

இங்கு ஊரார் என்பவர் எவர்? முதலில் துப்புரவுத் தொழிலாளர். விடியுமுன் தெருவில் இறங்கி, கையுறை இருந்தும் இல்லாமலும் அச்சில்லுகளை அள்ளுகின்றவர் அவரே. சிற்றூராட்சிகளில் மிகக் குறைந்த தொகுப்பூதியத்திற்கு உழைக்கும் பெண்களே அவருள் மிகப் பலர். அவர் விரலில் கிழிபட்ட காயத்திற்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. 2025 அகத்துத் திங்களில் சென்னை மாநகராட்சிக் கட்டடத்தின் முன் பல நாள் அமர்ந்து போராடிய துப்புரவுத் தொழிலாளர் கேட்டது வேலைக்கு உறுதிப்பாடு ஒன்றே. நள்ளிரவில் காவலரைக் கொண்டு அவர் அப்புறப்படுத்தப்பட்டனர். ஊரின் அழுக்கை அள்ளுகின்ற கைக்கு உரிய மதிப்பு இந்நாட்டில் எவ்வளவு என்பதற்கு அந்த இரவே சான்று.

அடுத்து, ஊராட்சி மன்றம். “ஊராட்சி அள்ளவில்லை” என்று குறை கூறுவது எளிது. மது வரி முழுவதும் மாநிலக் கருவூலத்திற்குப் போகின்றது. மாநில நிதியாணையத்தின் வழியே எல்லா உள்ளாட்சிகட்கும் வரும் பொதுப்பங்கு வேறு. புட்டி அள்ளுவதற்கெனத் தனியே ஒரு காசும் ஊராட்சிக்கு வருவதில்லை. கடை ஊரில், குடி ஊரில், குப்பை ஊரில், வருவாய் கோட்டையில்! இவ்வாறு பிரித்து வைத்துவிட்டு ஊராட்சித் தலைவரைப் பார்த்து ‘ஏன் அள்ளவில்லை’ என்று கேட்பது முறையாகுமா? அள்ளாமல் விட்ட குற்றம் ஊராட்சிக்கு உண்டுதான். அள்ளுவதற்கு ஆளும் பொருளும் தராத குற்றம் அதனினும் பெரிது.

மூன்றாவது, ஆலை முதலாளி. சாராயத்தைக் காய்ச்சிப் புட்டியில் அடைக்கும் ஆலைகளின் பெயர் இச்சிக்கலில் எவர் வாயிலும் வருவதில்லை. 2016-ஆம் ஆண்டு நடுவணரசு வகுத்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில், தகரம், கண்ணாடி, ஞெகிழி முதலியவற்றால் ஆன உறைகளைச் சந்தைக்கு விடுவோர், அவற்றின் கழிவை நீக்கும் ஏற்பாட்டிற்கு உள்ளாட்சிகட்குப் பொருளுதவி செய்தல் வேண்டும் என்று தெளிவாக எழுதப்பட்டது. எழுதப்பட்டது உண்மை, எந்த ஆலை எந்த ஊராட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று ஊர்மக்கள் எவரேனும் கேட்டதுண்டா? கேட்டுப் பார்க்கட்டும், வரும் விடையிலிருந்தே விதியின் வலிமை விளங்கிவிடும்.

குற்றத்தைக் கடைசியில் நிற்பவன் தலையில் கட்டும் வழக்கம் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து நாட்டில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. பாலேட்டை நுரைக்கச் செய்வதற்கென விற்கப்படும் சிறு எஃகுக் குப்பிகளில் ‘சிரிப்பு வளி’ எனப்படும் வளி அடைக்கப்பட்டிருக்கும். அதனை இளைஞர் மயக்கத்திற்காக உறிஞ்சிவிட்டுக் குப்பிகளைத் தெருவெங்கும் எறிந்தனர். பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் வெள்ளி நிறக் குப்பிகள் குவிந்தன. இலண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் நாட்டிங்கு இல் திருவிழா முடிந்தபின் அக்குப்பிகளைத் தொன் கணக்கில் அள்ள வேண்டியிருந்தது. அந்நாட்டு அரசு 2023 நவம்பர் 8-ஆம் நாள் முதல், மயக்கத்திற்காக அவ்வளியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. வைத்திருப்பவனுக்கு ஈராண்டு வரையிலும், விற்பவனுக்குப் பதினான்கு ஆண்டு வரையிலும் சிறை. அவ்வாறு சட்டம் இயற்ற வேண்டா என்று அரசே அமர்த்திய அறிஞர் குழு பரிந்துரைத்திருந்தும், அப்பரிந்துரை புறந்தள்ளப்பட்டது. அக்குப்பிகளை மூட்டை மூட்டையாக விற்றுப் பொருளீட்டியோர் அவற்றைத் திரும்ப வாங்க வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் முன்னே வரவில்லை. பின்னர்ப் பெரிய குப்பிகள் குப்பையோடு கலந்து எரியுலைகளில் வெடித்தபோது, அதன் தீங்கைத் தாங்கியவரும் அங்குள்ள துப்புரவுத் தொழிலாளரே. நாடு வேறு, மொழி வேறு, கடைசிச் சுமை யார் தோளில் விழுகின்றது என்பது மட்டும் ஒன்றே.

இனி, மாற்று வழி உண்டா என்னும் வினாவுக்கு வருதல் வேண்டும். உண்டு. அதுவும் தமிழ்நாட்டிலேயே உண்டு.

நீலமலைக் காடுகளில் எறியப்பட்ட புட்டிகளின் சில்லு யானைகளின் காலைக் கிழித்தது. தடித்த தோலுடைய யானையின் அடிக்கால் மெத்தென்றிருக்கும். அதில் ஏறிய கண்ணாடி புண்ணாகிச் சீழ்வைத்து, அவ்வளவு பெரிய விலங்கையும் வீழ்த்திவிடும். வழக்குச் சென்னை உயர்நய மன்றத்தின் முன் வந்தது. நயமன்றம் நெருக்கியபின், 2022 மே 15-ஆம் நாள் முதல் நீலமலை மாவட்டத்தில் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. புட்டி ஒன்றுக்கு விலையோடு 10 உரூபா மிகையாகப் பெறப்படும். வெறும்புட்டியைத் திரும்பக் கொண்டுவந்தால் அப்பத்து உரூபாவும் திருப்பித் தரப்படும். இவ்வளவே திட்டம். அதற்கென்று பெரிய பொறி இல்லை. புதிய துறை இல்லை. நேற்றுவரை காட்டில் எறிந்த அதே கைகள் புட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கடையில் வைத்தன. எறியப்பட்டுக் கிடந்ததையும் எளியோர் பொறுக்கி வந்து கொடுத்துப் பணம் பெற்றனர். நாளடைவில் விற்ற புட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை திரும்பி வந்ததாக அரசுத் தரப்பிலேயே சொல்லப்பட்டது.

இதிலிருந்து விளங்குவது யாது? நீலமலையில் குடிப்பவன் ஊரப்பாக்கத்தில் குடிப்பவனைக் காட்டிலும் நல்லொழுக்கம் உடையவனா? அல்லன். மனிதன் ஒருவனே, ஏற்பாடுதான் வேறு. ஏற்பாடு இல்லாத இடத்தில் எறிந்தான். ஏற்பாடு வந்தவுடன் திருப்பினான். அப்படியாயின், ஏற்பாட்டைச் செய்யும் ஆற்றல் இருந்தும் இத்தனை ஆண்டு செய்யாதிருந்தவர் எவரோ அவரே முதற் குற்றவாளி. அரசு 2003-இல் சில்லறைக் கடையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. வெறும்புட்டியைத் திரும்ப வாங்கும் எண்ணம் 2022-இல்தான் பிறந்தது. பிறந்ததும் தானாகப் பிறக்கவில்லை. நயமன்றம் அழுத்திப் பிறந்தது. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் இத்தமிழ் மண்ணில் புதைந்த கண்ணாடியை இனி எவர் தோண்டி எடுப்பார்?

நீலமலையில் வெற்றி கண்ட பின்பும் அத்திட்டம் மாநிலம் முழுமைக்கும் ஒரே நாளில் வரவில்லை. மாவட்டம் மாவட்டமாக, தவணை தவணையாக, நயமன்றத்தின் கேள்விக்குப்பின் கேள்வியாக விரிந்தது. மதுவின் விலையை உயர்த்த வேண்டுமாயின் ஓர் அறிவிப்பில் மறுநாளே மாநிலம் முழுவதும் உயர்ந்துவிடுகின்றது. வெறும்புட்டியை வாங்க மட்டும் ஆண்டுக்கணக்கில் ஆய்வும் தவணையும்! ஓர் அரசின் உள்ளம் எதில் ஊன்றியிருக்கின்றது என்பதை அளக்க இவ்விரண்டு விரைவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

திட்டத்தை எதிர்ப்போர் கூறும் தடைகள் சில உள. அவற்றையும் நேர்மையாக ஆராய்தல் வேண்டும்.

கடைப் பணியாளர் அமைப்புகள் வேலைச்சுமை கூடுகின்றது என்று எதிர்த்தன. அவ்வெதிர்ப்பில் முறை உண்டு. குறைந்த ஊதியத்திற்கு நெடுநேரம் நிற்கும் பணியாளர், விற்பனையோடு நாற்றமடிக்கும் வெறும்புட்டியையும் எண்ணி அடுக்க வேண்டுமெனின், இடமும் வேண்டும், ஆளும் வேண்டும். அதற்குத் தீர்வு திட்டத்தைக் கைவிடுவதன்று. 45,855 கோடியை ஈட்டுகின்ற வணிகத்தில் கடைக்கு ஓராளை வேலைக்கு அமர்த்தப் பணம் இல்லை என்பது நம்பத்தக்கதா? அவ்வேலையைத் தனியார் ஒப்பந்தக்காரரிடம் தள்ளாமல், அந்தந்த ஊர் இளைஞர்க்கும் மகளிர் குழுக்களுக்கும் முறையான ஊதியத்தோடு தருதல் கூடும்.

திரும்பக் கொணரப்படாத புட்டிகளுக்குரிய பத்து உரூபா எங்கே போகின்றது என்பது மற்றொரு வினா. நூற்றில் ஐந்து புட்டி திரும்பாவிடினும் அத்தொகை சிறிதாகாது. அது வாணிபக் கழகத்தின் பெட்டியில் கரைந்துபோகுமாயின், புட்டி திரும்பாமல் இருப்பதே கழகத்திற்கு ஈட்டம் என்றாகிவிடும். அத்தொகை காசுக்குக் காசு கணக்கு வைக்கப்பட்டு, எந்தக் கடையின் புட்டியோ அந்தக் கடை அமைந்த ஊராட்சிக்கே துப்புரவுக்கெனத் தரப்படுதல் வேண்டும். கணக்கு ஆண்டுக்கொருமுறை ஊரவைக் கூட்டத்தில் படிக்கப்படுதல் வேண்டும்.

இவ்வியக்கத்தைச் சார்ந்தோர் சிலர் உள்ளத்திலேயே ஒரு தடை எழக்கூடும். “மதுவை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதே கொள்கை, புட்டியைத் திரும்ப வாங்கச் சொல்வது, கடை நிலைத்திருக்க ஒப்புவதாகாதா?” என்பர். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கென்று ஓரதிகாரமே வகுத்த மரபில் வந்தோர்க்கு அவ்வுணர்வு இயல்பானதே. மதுக்கடை மூடப்பட வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆயினும், திருடன் பிடிபடும் வரை வீட்டில் எரியும் தீயை அணைக்காமல் இருப்பார் உளரோ? கடை மூடும் நாள் எந்நாளோ. சில்லு குத்தும் கால் இன்றைய கால். மேலும், விற்ற ஒவ்வொரு புட்டியும் கடைக்கே திரும்பி வந்து குவியுமாயின், இந்நாடு எவ்வளவு குடிக்கின்றது என்பது கண்ணெதிரே மலைபோல் தோன்றும். இன்று அம்மலை புதருக்குள்ளும் ஏரிக்குள்ளும் சிதறி மறைந்து கிடப்பதால்தான் ஆட்சியாளர் நாணமின்றி இருக்கின்றனர். எண்ணிக்கை வெளிப்பட்டால் மதுவிலக்குக் கேட்பவன் கை வலுக்கும், வலுவிழக்காது.

வெறும்புட்டியைத் திருப்பிக் கொடுத்தல் தமிழர்க்குப் புதிய பழக்கமும் அன்று. கோலிச்சோடா குடித்துவிட்டுப் புட்டியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வருவது ஊர்ப்புற வழக்கம். 1916-இல் விருதுநகரில் தொடங்கப்பெற்ற காளிமார்க்கு போன்ற உள்நாட்டுக் குளிர்நீர்த் தொழில்களும், கண்ணாடிப் புட்டியை மீண்டும் மீண்டும் கழுவி நிரப்பும் முறையில்தான் பல்லாண்டு நடந்தன. திருவிழாவுக்கும் திருமணத்திற்கும் பெட்டி பெட்டியாக வாங்குவோர் புட்டிக்குத் தனியே ஈடு வைத்து, திருப்பியபின் ஈட்டைப் பெற்றனர். ஒருமுறை பருகி எறியும் பழக்கம் வெளியிலிருந்து வந்த பெருமுதலாளிகள் புகுத்தியது. எறிந்தால் அவர்க்குக் கழுவும் செலவும் ஏற்றிவரும் செலவும் மிச்சம். மக்கள் திடீரென்று ஒழுக்கம் கெட்டதால் சாலையோரம் குப்பையாகிவிடவில்லை. திருப்பி வாங்குபவர் கடையை மூடிவிட்டதால் ஆயிற்று.

வெளிநாட்டாரும் இதனை உணர்ந்துள்ளனர். அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் 1971-லேயே புட்டிக்கு ஈட்டுத்தொகை வாங்கும் சட்டம் இயற்றியது. செருமனி 2003 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் குப்பிகளுக்கும் ஈட்டுத்தொகையைக் கட்டாயமாக்கியது. இன்று அங்குக் குப்பி ஒன்றுக்கு 25 செண்டு. அந்நாட்டு நகரங்களில் குடித்தவர் சிலர் குப்பியைக் குப்பைத்தொட்டியின் அருகில் எடுத்து வைத்துவிட்டுப் போகின்றனர். அதனை ஏழை ஒருவர் எடுத்துக் கடையில் கொடுத்துக் காசு பெறுகின்றார். அண்டை மாநிலமான கேரளமும் 2025 செப்டம்பரில் புட்டிக்கு 20 உரூபா ஈட்டுத்தொகை வாங்கும் முறையைச் சில கடைகளில் தொடங்கியது. எந்த நாட்டிலும் வென்ற வழி ஒன்றே: பொருளை விற்றவர் எச்சத்தையும் ஏற்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லை எண்ணிப் பார்த்தல் தகும். சாலையோரம், ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம், வாய்க்கால் வரப்பு எல்லாவற்றையும் ஊர்க்கணக்கில் ‘புறம்போக்கு’ என்று எழுதுவர். வரி விதிப்பிற்குப் புறம்பாகப் போன நிலம் என்பது அதன் பொருள். வரி தராத நிலம் ஆட்சியாளன் கண்ணில் பயனற்ற நிலமாகிவிட்டது. நாளடைவில் அச்சொல் மாந்தரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. மெய்யாகவே அந்நிலந்தான் ஊர் முழுவதற்கும் உரிய நிலம். ஆடுமாடு மேய்ந்ததும், பிள்ளைகள் விளையாடியதும், வழிப்போக்கர் இளைப்பாறியதும், மழைநீர் தேங்கி ஊரைக் காத்ததும் அங்கேதான். வரி தரும் மது புனிதப்பொருள் போல் காக்கப்படுகின்றது; வரி தராத பொதுநிலம் அதன் எச்சத்தைக் கொட்டும் குழியாகின்றது. கருவூலத்தின் கண்கொண்டு பார்ப்பதால் வந்த கேடு இது. ஊரின் கண்கொண்டு பார்த்தால், புறம்போக்கே ஊரின் உள்ளகம்.

ஆகவே குற்றப்பங்கீட்டை முறையாகச் செய்தல் வேண்டும். எவர்க்கு ஆற்றல் மிகுதியோ, எவர்க்கு ஈட்டம் மிகுதியோ, அவர்க்கே பொறுப்பும் மிகுதி. அந்த அளவுகோலால் அளந்தால், முதற்பங்கு விற்பனை முழுவதையும் தன் கைக்குள் வைத்திருக்கும் அரசுக்கு. இரண்டாம் பங்கு காய்ச்சி அடைத்துக் கொழுக்கும் ஆலை முதலாளிக்கு. மூன்றாம் பங்கு, மது விற்ற காசைத் தேர்தலுக்குத் தேர்தல் இலவயமாய் வாங்கிக் கொண்டு வாய்மூடிக் கிடக்கும் பொதுமக்களுக்கு. கடைசிப் பங்கே வெறிமயக்கத்தில் எறிந்தவனுக்கு. இன்று வழங்குவதோ இதற்கு நேர் எதிர்வரிசை. காவலர் கையில் சிக்கித் தண்டம் கட்டுகின்றவன் சாலையோரத்துக் கூலித் தொழிலாளி; காயம் படுகின்றவர் துப்புரவுப் பெண்; பழி சுமக்கின்றவர் ஊராட்சித் தலைவர்; பொருள் குவிப்போர் மட்டும் எவர் கண்ணிலும் படாமல் இருக்கின்றனர்.

செய்ய வேண்டுவன தெளிவாகவே உள்ளன. திரும்ப வாங்கும் திட்டம் தமிழ்நாட்டின் எக்கடைக்கும் விலக்கின்றி நடைபெறுதல் வேண்டும். எந்தக் கடையில் வாங்கியதாயினும், எந்தக் கடையிலும் திருப்பிக் கொடுக்க இடமளித்தல் வேண்டும். ஊரப்பாக்கத்தில் வாங்கித் திண்டிவனத்தில் எறிபவன் திரும்பி ஊரப்பாக்கம் வரமாட்டான். திரும்பிய புட்டிகளைக் கழுவி மீண்டும் பயன்படுத்துமாறு ஆலைகளைக் கட்டாயப்படுத்துதல் வேண்டும். துப்புரவுத் தொழிலாளர்க்குத் தடித்த கையுறையும் காலணியும் மருத்துவமும் வாணிபக் கழகத்தின் செலவிலேயே வழங்கப்படுதல் வேண்டும். ஏரிக்கரையிலும் பள்ளி வழியிலும் இதுவரை குவிந்துள்ள கண்ணாடியை அள்ளும் செலவும் அக்கழகத்தினுடையதே. இவற்றோடு, கடைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் இல்லாமற் போதல் வேண்டும்.

இவற்றைக் கேட்க வேண்டிய இடம் ஊரவை. ஆண்டுக்குப் பலமுறை கூடும் அவ்வவையில், தெருவிளக்கும் குடிநீரும் பற்றிக் கேட்கின்ற மக்கள், “எங்கள் ஊரில் விற்ற புட்டி எத்தனை? திரும்பியது எத்தனை? திரும்பாததன் காசு எங்கே?” என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்கட்டும். கேட்ட வினாவையும் வந்த விடையையும் தீர்மான ஏட்டில் எழுதச் செய்யட்டும். விடை வராவிடில், வரவில்லை என்பதையே எழுதச் செய்யட்டும். எழுத்தில் ஏறிய வினா எளிதில் சாவதில்லை.

தமிழ் மண் என்று மேடையில் முழங்குவோர், அம்மண்ணில் வெறுங்காலோடு நடக்க முடிகின்றதா என்பதையும் எண்ணுதல் வேண்டும். மண்ணைக் காவாத மொழிப்பற்று வேரற்ற மரம். மொழியைக் காக்க எழுந்த கைகள் அம்மொழி வழங்கும் மண்ணையும் காக்க எழுக! எறிந்தவனைத் திருத்துக, எறியச் செய்தவரைக் கூண்டில் ஏற்றுக!